மலை ஏறும் சிமென்ட்

காரவள்ளி அடிவாரத்தில் தொடங்கி 70 கொண்டை ஊசி வளைவுகளைச் சுற்றிக்கொண்டு கொல்லிமலையின் மேல்தளத்தை அடைகிற சாலையில், மேலிருந்து கீழே இறங்கும் சரக்கு இன்னதென்று நாமக்கல் பக்கத்தில் எல்லோரும் அறிவர்: மிளகு, காப்பிக்கொட்டை, பலா, அன்னாசி, மலைவாழை, மரவள்ளிக் கிழங்கு. கீழிருந்து மேலே ஏறும் சரக்கைப் பற்றி அவ்வளவாக யாரும் பேசுவதில்லை. அரிசியும் மளிகையும் உரமும் போக, இப்போது அந்தச் சரக்கில் கண்ணில் உறுத்தும்படி நிற்பவை சிமென்ட் மூட்டை, முறுக்குக் கம்பி, ஹாலோ பிளாக் கல், ஜல்லி, எம்-சாண்ட் ஆகியவையே. ஒரு பிரதேசத்தின் செல்வ நிலையை அறிய விரும்புகிறவன் இறங்கும் சரக்கைக் கணக்கிடுவதா, ஏறும் சரக்கைக் கணக்கிடுவதா என்று கேட்டால், பொருளாதார நிபுணர்களில் பலர் தயக்கமின்றி ஏறும் சரக்கையே சுட்டிக் காட்டுவார்கள். ஏனெனில், ஜனங்கள் குடியிருப்பு வீடு கட்டுவதில் இடும் மூலதனம் ஏறுகிறதா இறங்குகிறதா என்பதைக் கொண்டு நாட்டின் பொருளாதாரம் போகப்போகிற திசையை முன்கூட்டியே ஊகித்துவிடலாம் என்பது அவர்களுடைய நெடுநாளைய கொள்கை. அந்தக் கொள்கை நகரங்களில் எப்படிப் பலிக்கிறது, கொல்லிமலை போன்ற ஓர் இடத்தில் எங்கே தடம் மாறுகிறது என்பது சற்று நிதானமாக யோசிக்கத் தக்க விஷயம்.

வீடு என்பது மற்றச் செலவுகளைப் போன்றதன்று. அரிசி வாங்குவதை யாரும் அடுத்த வருஷத்துக்கு ஒத்திவைக்க முடியாது. மருந்துக்கும் பள்ளிக்கூடச் சம்பளத்துக்கும் அப்படியே. வீடு கட்டுவதையோ, மனத்தில் சிறிது சஞ்சலம் தோன்றிய மாத்திரத்திலேயே, ‘தை பிறக்கட்டும், பார்த்துக்கொள்ளலாம்’ என்று தள்ளிப்போட்டுவிடலாம். உத்தியோகம் நிலைக்குமா, வியாபாரம் நடக்குமா, வட்டி ஏறுமா என்ற ஐயம் ஒரு குடும்பத்தலைவரின் உள்ளத்தில் எழுந்ததும் முதலில் நின்றுபோவது மனைமுகூர்த்தமே. அப்படி நின்றுபோன ஒவ்வொரு கடைக்காலோடும் கொத்தனார், சித்தாள், கம்பி கட்டுகிறவர், சென்ட்ரிங் போடுகிறவர், தச்சர், மின்வேலைக்காரர் ஆகிய பலருடைய கூலி நிற்கிறது. செங்கற்சூளையும் பெயிண்டுக் கடையும் நாற்காலி மேஜை விற்கிறவனும் அந்த நிறுத்தத்தை அடுத்தடுத்து உணருகிறார்கள். ஆகவே, குடும்பங்களின் அச்சமும் நம்பிக்கையும், மற்றத் தொழில்களின் கணக்கேட்டில் பதிவாவதற்குப் பல மாதங்கள் முன்னரே, புதுவீடுகளின் எண்ணிக்கையில் வெளிப்பட்டுவிடுகின்றன.

இதற்குச் சமீப காலத்துப் பிரத்தியட்ச உதாரணம் அமெரிக்கா. அந்நாட்டுச் சர்க்கார், மாதந்தோறும் எத்தனை வீடுகளுக்கு அஸ்திவாரம் தோண்டப்பட்டது என்று கணக்கெடுத்து, அதை வருஷக் கணக்காக மாற்றி வெளியிடுகிறது. 2006 ஜனவரியில் அந்த எண் வருஷத்துக்கு 22 லட்சத்து 70 ஆயிரம் என்ற அளவில் இருந்தது. அதன் பிறகு இறங்கத் தொடங்கி, 2009 ஏப்ரலில் 4 லட்சத்து 78 ஆயிரத்தில் வந்து நின்றது. இந்தச் சரிவு ஆரம்பித்தபோது பங்குச் சந்தை களிப்பில் இருந்தது, வேலைவாய்ப்புக்குக் குறைவில்லை. அமெரிக்கப் பொருளாதாரம் மந்தத்தில் விழுந்த மாதமென்று பிற்பாடு நிர்ணயிக்கப்பட்டது 2007 டிசம்பர்; லேமன் பிரதர்ஸ் என்ற பெரிய வங்கி நிறுவனம் கவிழ்ந்தது 2008 செப்டம்பர். வீட்டு அஸ்திவாரங்களோ இவற்றுக்கெல்லாம் முன்பே, ஏறக்குறைய இரண்டு வருஷ காலம், ஆபத்தைச் சொல்லிக்கொண்டிருந்தன. 2007-ஆம் ஆண்டிலேயே எட்வர்ட் லீமர் என்ற கலிபோர்னியப் பேராசிரியர், இரண்டாம் உலகப் போருக்குப் பின் அமெரிக்கா கண்ட பத்து மந்தங்களில் எட்டுக்கு முன்பு வீடு கட்டும் தொழிலில் தளர்ச்சி தோன்றியிருந்தது என்று எடுத்துக் காட்டி, பொருளாதாரத்தின் ஏற்ற இறக்கம் என்பதே வீட்டின் ஏற்ற இறக்கந்தான் என்று துணிந்து கூறினார். விதிவிலக்கான இரண்டில் ஒன்று கொரியப் போர் முடிந்த காலத்தது. மற்றொன்று 2001-இல் இணையக் கம்பெனிகள் சரிந்தபோது நேர்ந்தது.

இந்தச் சூசகம் இவ்வளவு கூர்மையாக வேலை செய்வதற்கு ஆதாரமாய் இருப்பது கடன். பட்டணத்தில் வீடு கட்டுகிறவர், தாம் இதுவரை சம்பாதித்ததைக் கொண்டு மட்டும் கட்டுவதில்லை. இனிச் சம்பாதிக்கப்போவதை இருபது வருஷத்துக்கு ஈடாக எழுதிக்கொடுத்துவிட்டுக் கட்டுகிறார். எனவே அவர் எழுப்பும் சுவர், அவருடைய எதிர்காலத்தைப் பற்றி அவரும் அவருடைய வங்கியும் கொண்டிருக்கிற அபிப்பிராயத்தின் உருவம். ரிசர்வ் வங்கி 2022 மே மாதம் முதல் 2023 பிப்ரவரிக்குள் தன் வட்டி விகிதத்தை 4 சதவீதத்திலிருந்து 6.50 சதவீதத்துக்கு உயர்த்தியபோது, சென்னையிலும் கோயம்புத்தூரிலும் மாதத் தவணை கட்டுகிற ஒவ்வொரு குடும்பமும் அதை உடனே உணர்ந்தது. கொல்லிமலையில், வளப்பூர்நாட்டிலோ தேவனூர்நாட்டிலோ பாதிச் சுவர் எழுப்பி நிறுத்தியிருந்த ஒரு குடும்பத்துக்கு அந்த அறிவிப்பால் விளைந்தது யாதொன்றும் இல்லை. மாதச் சம்பளச் சீட்டும் வில்லங்கமற்ற பத்திரமும் கேட்கிற வீட்டுக் கடன், காட்டோரத்து மரவள்ளி விவசாயியின் வாசலுக்கு வருவது அரிது. நமது விசாரணைக்கு இதுவே திருப்பம் என்று கருதுகிறேன். மேலே சொல்லப்போவதெல்லாம் இதிலிருந்து கிளைப்பது.

அதற்கு முன், நம் நாட்டில் இந்த முதலீட்டை எப்படிக் கணக்கிடுகிறார்கள் என்பதையும் சொல்லியாக வேண்டும். அது பலருக்குத் தெரியாத சுவையான செய்தி. அமெரிக்காவில் எண்ணுவதைப்போல் அஸ்திவாரங்களை ஒவ்வொன்றாக எண்ணும் வழக்கம் இங்கே வேரூன்றவில்லை. ரிசர்வ் வங்கியின் முயற்சியில், பேராசிரியர் அமிதாப் குண்டு தலைமையில் அமைந்த ஒரு குழு, புதுவீட்டுத் தொடக்கங்களுக்கென்று ஒரு குறியீட்டெண் அமைக்கும் வழியை ஆராய்ந்து 2009-இல் அறிக்கை கொடுத்தது; ஆனால் அது நகரங்களில் வழங்கப்படும் கட்டட அனுமதிகளை ஆதாரமாகக் கொண்ட ஏற்பாடு. தேசிய வருமானக் கணக்கிலோ, சிமென்ட், இரும்பு, செங்கல், மரம், கதவு ஜன்னல் சாதனங்கள் ஆகியவை நாட்டில் எவ்வளவு உற்பத்தியாயின, எவ்வளவு இறக்குமதியாயின என்று கூட்டிப் பார்த்து, அவ்வளவு பொருளும் ஏதோ ஒரு கட்டடத்துக்குள் போயிருக்க வேண்டும் என்ற நியாயத்தின்மேல் கட்டுமானத்தின் மதிப்பை நிர்ணயிக்கிறார்கள். சர்க்காரும் கம்பெனிகளும் கட்டியவற்றைக் கழித்தால் எஞ்சுவது குடும்பங்கள் கட்டியது. வீட்டைப் பார்க்காமலே வீட்டை அளக்கிற உபாயம் இது.

இந்த உபாயத்துக்கு அகப்படாத வீடுகளும் உண்டு. மண்ணும் மூங்கிலும் புல்லும் கொண்டு எழும் வீட்டில் சிமென்டும் கம்பியும் இல்லாமையால், அதைப் பொருளோட்டக் கணக்கில் பிடிக்க இயலாது. ஆகவே அத்தகைய கச்சா வீடுகளின் மதிப்பை, ஏறத்தாழப் பத்தாண்டுகளுக்கொரு முறை வீடு வீடாகச் சென்று நடத்தும் அகில இந்தியக் கடன்-முதலீட்டு ஆய்விலிருந்து எடுத்து, இடைப்பட்ட வருஷங்களுக்கு நீட்டிக்கொள்கிறார்கள். அந்த ஆய்வும் செலவான பணத்தைத்தான் கேட்கும். கொல்லிமலையின் பழைய வீட்டுக்கோ பணம் அதிகம் செலவானதில்லை.

தமிழ்நாட்டுப் பழங்குடிகளில் எண்ணிக்கையால் முதலிடம் பெறும் மலையாளிகள் என்னும் மக்கள், ஏறக்குறைய 40,000 பேர், நாடு என்று வழங்கும் இம்மலையின் பதினான்கு பகுதிகளில் பரவி வாழ்கிறார்கள். தொன்றுதொட்டு அவர்கள் கட்டிவந்த வீடு, மூங்கிற்பரப்பின்மேல் மண் அப்பிய சுவரும், மலைப்புல் வேய்ந்து தாழ இறங்கிய கூரையும், உள்ளே சாமையும் தினையும் கேழ்வரகும் சேமித்துவைக்கப் பரணும் கொண்டது. மண் வாசலிலேயே கிடைத்தது. மூங்கிலும் புல்லும் காடு தந்தன. கூரை வேய்வதற்கு உறவும் அண்டை அயலும் வந்தன. கடல்மட்டத்துக்கு மேல் ஆயிரம் மீட்டருக்கும் அதிகமான உயரத்தில், மார்கழிக் குளிரிலும் ஐப்பசி மழையிலும் மனிதனைப் பத்திரமாக வைத்திருந்த அந்த வீடு, கணக்குப் புத்தகத்தின் கண்ணுக்குச் சூனியத்தை ஒட்டியதாகவே இருந்தது. அதே இடத்தில் இன்று ஹாலோ பிளாக் சுவரும் கான்கிரீட் தளமும் எழுந்தால், தேசிய வருமானம் அந்த அளவுக்கு உயர்ந்ததாகப் பதிவாகிறது. பழைய வீட்டில் குளிருக்கு இதமாக இருந்த சுகத்தை விட்டுவிட்டோமே என்று வயோதிகர் சிலர் சொல்வதுண்டு. ஆயினும் வருஷா வருஷம் கூரை மாற்றும் தொல்லையும், தீப்பற்றும் பயமும், மழையில் சுவர் கரையும் கவலையும் அனுபவித்தவர்கள் தளம் போட்ட வீட்டை விரும்புவதைக் குறை சொல்ல, கீழே கான்கிரீட் வீட்டில் உட்கார்ந்து எழுதுகிற நமக்கு அதிகாரம் ஏது?

இனி, மலையில் சொந்தப் பணத்தில் எழும் வீட்டின் கதியைப் பார்க்கலாம். அது ஒரே மூச்சில் எழுவதில்லை. ஒரு வருஷம் கடைக்கால் தோண்டிப் பேஸ்மட்டம் வரை வரும். மறு வருஷம் சுவர் லிண்டல் மட்டத்தைத் தொடும். தளம் போடுவதற்கு இன்னும் இரண்டு வருஷம் ஆனாலும் ஆகும். பூச்சும் வர்ணமும் மகளின் கல்யாணத்தை எதிர்பார்த்து நிற்கும். ‘தளம் எப்பங்க போடறீங்க?’ என்று கேட்டால், ‘மொளகு என்ன வெலைக்குப் போவுதுன்னு பாத்துட்டுப் போடணுமுங்க’ என்கிற பதில்தான் கிடைக்கும். அந்தப் பதிலுக்குள் ஒரு பொருளாதார சாஸ்திரமே அடங்கியிருக்கிறது. சில்வர் ஓக் மரத்தில் படர்ந்த மிளகுக் கொடி மார்கழி தொடங்கி மாசி வரை காய்ப்பைத் தருகிறது. காப்பியும் அதே பருவத்தை ஒட்டி வருகிறது. மழையும் ஓய்ந்திருக்கும், கையிலும் காசு இருக்கும் அந்த மாதங்களே மலையில் கட்டட வேலைக்கு உகந்த காலம்.

ஆகையால், மிளகு விலை இறங்கினால் சுவர் நிற்கிறது. 2016-ஆம் வருஷத்தில் கிலோ 700 ரூபாயை ஒட்டி நின்ற இந்திய மிளகின் விலை, வியட்நாம் மிளகு பல வழிகளில் வந்து குவிந்தமையால் 2019-க்குள் ஏறக்குறையப் பாதியாக இறங்கிற்று. கிலோவுக்கு 500 ரூபாய்க்குக் குறைந்த மிளகை இறக்குமதி செய்யக்கூடாது என்று மத்திய சர்க்கார் 2017 டிசம்பரில் உத்தரவு போட்டும் சரிவு நிற்கவில்லை. தினையும் சாமையும் விளைந்த நிலத்தைப் பெருமளவு பற்றிக்கொண்ட மரவள்ளியின் விதியும் மலையில் நிர்ணயமாவதில்லை. சேலம், நாமக்கல் ஜில்லாக்களின் ஜவ்வரிசி ஆலைகள் கிழங்குக்கு என்ன விலை கொடுக்கும் என்பது, ஆலைக்காரர்கள் 1981-இல் அமைத்துக்கொண்ட சேகோசர்வ் கூட்டுறவுச் சங்கத்தின் ஏலத்தில் ஜவ்வரிசிக்கும் ஸ்டார்ச்சுக்கும் என்ன விலை கேட்கப்படுகிறது என்பதைச் சார்ந்தது. இவற்றோடு திருப்பூர்ப் பனியன் கம்பெனியிலும், கேரளத்து மிளகுத் தோட்டத்திலும், ஆழ்குழாய்க் கிணறு தோண்டும் திருச்செங்கோட்டு ரிக் வண்டியிலும் வேலைக்குப் போன பிள்ளைகள் கொண்டுவரும் பணமும் சேருகிறது.

இப்போது நிபுணர்களின் கொள்கைக்கு வருவோம். கடனில் எழும் வீடு வரப்போகிற காலத்தை முன்கூட்டிச் சொல்கிறது. சேமிப்பில் எழும் வீடு கழிந்துபோன காலத்தைப் பதிவு செய்கிறது. நகரத்தில் முன்னே ஓடுகிற சூசகம் மலையில் பின்னே வருகிறது. மலைமேல் உள்ள செம்மேட்டிலிருந்து அறப்பளீஸ்வரர் கோயிலுக்குப் போகும் வழியில் ஒருவர் இந்த வருஷம் பத்துப் புதுத் தளங்களைக் கண்டால், வரும் வருஷம் செழிப்பாக இருக்கும் என்று அவர் முடிவு செய்வது தவறு. இரண்டு மூன்று வருஷங்களுக்கு முந்திய மிளகும் காப்பியும் நல்ல விலைக்குப் போயின என்றே அவர் முடிவு செய்ய வேண்டும்.

தமிழ்நாட்டுக்கு இது புதிய பாடமன்று. காரைக்குடியிலும் கானாடுகாத்தானிலும் நகரத்தார் எழுப்பிய மாளிகைகளைப் பார்க்கிறவர்கள் பர்மாத் தேக்கையும் ஆத்தங்குடிக் கல்லையும் கண்டு வியந்துவிட்டுத் திரும்பிவிடுகிறார்கள். அந்த வீடுகளை ஒரு கணக்கேடாகப் படித்தால் அவை வேறு கதை சொல்லும். பர்மாவிலும் மலாயாவிலும் இலங்கையிலும் நடந்த கொடுக்கல் வாங்கலின் லாபம், பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியிலிருந்து செட்டிநாட்டில் சுவராகவும் தூணாகவும் இறங்கிக்கொண்டே இருந்தது. 1930-களில் உலகத்து அரிசி விலை விழுந்தபோது, கடன் வாங்கிய பர்மியக் குடியானவர்கள் பணம் கட்ட வழியின்றி நிலத்தைக் கொடுத்தார்கள். கீழ்ப் பர்மாவின் முக்கியமான பதின்மூன்று நெல் ஜில்லாக்களில் 1930-இல் 6 சதவீதமாக இருந்த செட்டியார்களின் நில உடைமை 1938-இல் 25 சதவீதமாயிற்று. ஏட்டில் சொத்து பெருகிற்று. கையில் ரொக்கம் வற்றிற்று. தொடர்ந்து ஜப்பானியர் படையெடுப்பு வந்து அந்தச் சொத்தையும் கைநழுவச் செய்தது. செட்டிநாட்டின் மாளிகை நிர்மாண காலம் ஓய்ந்தது இப்படித்தான். ரங்கூனின் செழிப்பையும் வீழ்ச்சியையும் ரங்கூன் வீதிகளைவிடக் கானாடுகாத்தான் வீதிகள் தெளிவாகக் காட்டுகின்றன. ஆனால் எல்லாம் நடந்து முடிந்த பிறகே காட்டுகின்றன. வளைகுடா நாடுகளுக்குப் போன கேரளத்தார் கட்டிப் பூட்டிவைத்திருக்கிற பெரிய வீடுகளும் இந்த வர்க்கத்தைச் சேர்ந்தவையே.

கொல்லிமலையில் மூன்றாவது வகை ஒன்றும் உண்டு. சர்க்கார் பணத்தில் எழும் வீடு. 1985-86-இல் தொடங்கிய இந்திரா நினைவுக் குடியிருப்புத் திட்டத்திலிருந்து இது வளர்ந்து வருகிறது. 2010-இல் கலைஞர் வீட்டு வசதித் திட்டம் 21 லட்சம் குடிசைகளைக் கான்கிரீட் வீடுகளாக மாற்றப்போவதாகச் சொல்லி, வீட்டுக்கு 75,000 ரூபாய் கொடுத்தது. 2011-12 முதல் பசுமை வீடுகள் திட்டம் வருஷத்துக்கு 60,000 வீடுகள் என்ற கணக்கில், 300 சதுர அடி வீட்டுக்கு முதலில் 1 லட்சத்து 80 ஆயிரம் ரூபாய் ஒதுக்கி, சூரிய விளக்கையும் சேர்த்து வழங்கிற்று. 2016-இல் பிரதம மந்திரியின் கிராம வீட்டு வசதித் திட்டம் 25 சதுர மீட்டர் வீட்டோடு வந்தது. 2024-இல் அறிவிக்கப்பட்ட கலைஞரின் கனவு இல்லம், 360 சதுர அடி வீட்டுக்கு 3 லட்சத்து 50 ஆயிரம் ரூபாய் என்றும், 2030-க்குள் 8 லட்சம் வீடுகள் என்றும் இலக்கு வைத்திருக்கிறது. தொகை ஏறிக்கொண்டு போவதைக் கண்டு சர்க்காரின் தாராளம் பெருகிவிட்டது என்று மட்டும் எண்ணிவிட வேண்டாம். பாதிக்கு மேல் சிமென்ட், கம்பி, கூலி ஆகியவற்றின் விலை ஏற்றம் என்றே நான் நினைக்கிறேன்.

இந்த வீடுகளுக்குப் பணம் கட்டங்கட்டமாக வருகிறது. மத்தியத் திட்டத்தில், சுவர் எந்த மட்டம் வந்திருக்கிறது என்பதை இடக்குறியோடு புகைப்படம் எடுத்து மேலே அனுப்பினால்தான் அடுத்த தவணை வங்கிக் கணக்கில் விழும். நிபுணர்கள் ஏங்கும் அஸ்திவாரக் கணக்கு, நகரங்களுக்குக்கூட ஒழுங்காகக் கிடைக்காத அந்தக் கணக்கு, ஒரு குக்கிராமத்துச் சர்க்கார் வீட்டுக்கு நாள், இடம், புகைப்படம் ஆகியவற்றோடு கிடைக்கிறது. வேடிக்கை என்னவென்றால், அது எந்தக் குடும்பத்தின் வருமானத்தையும் காட்டாது. டில்லியிலும் சென்னையிலும் வரவு செலவுத் திட்டம் போட்டவர்களின் மனநிலையையே காட்டும். ஒரு மலைக்கிராமத்தில் ஒரே வருஷத்தில் இருபது வீடுகள் எழுந்தால், அந்த வருஷம் பயனாளிகள் பட்டியல் வந்தது என்று பொருள். பயிர் விளைந்தது என்று பொருளில்லை.

எந்த வகை வீடாயினும், செலவாகும் பணத்தில் மலையில் தங்குவது எவ்வளவு என்ற கேள்வி எஞ்சுகிறது. ஒரு ரூபாய்க் கட்டுமானம் அண்டையில் பல ரூபாய் வியாபாரத்தை எழுப்பும் என்று பாடப்புத்தகம் சொல்கிறது. அந்தப் பெருக்கம் நேருவது சிமென்ட் ஆலையும் கம்பிக் கடையும் அருகில் இருக்கிற ஊரில். இங்கேயோ சிமென்ட் சங்ககிரியிலிருந்தும் அரியலூர்ப் பக்கத்திலிருந்தும் வரவேண்டும். கம்பியும் பெயிண்டும் சேலம், நாமக்கல், ராசிபுரம் கடைகளிலிருந்து ஏறவேண்டும். நீளமான லாரி அந்த வளைவுகளில் திரும்ப முடியாமையால் சரக்கைச் சிறு வண்டிகளுக்கு மாற்றவேண்டும். வண்டிப்பாதை முடிகிற இடத்திலிருந்து தலைச்சுமை. ஏற்றுக்கூலி, இறக்குக்கூலி, வண்டி வாடகை இவ்வளவும் சேர்ந்து ஒவ்வொரு மூட்டையையும் கீழே இருந்ததைவிட விலை உயர்ந்ததாக்குகின்றன. தேர்ந்த மேஸ்திரியையும் பல வேளைகளில் சமவெளியிலிருந்தே அழைத்துவர நேர்கிறது. மத்தியத் திட்டத்து வீடுகளில், நூறு நாள் வேலைத்திட்டத்தின் வழியே பயனாளிக்கு 90 நாள் கூலி சேர்த்தார்கள். அந்தக் கூலியும், சித்தாளாகப் போகும் மலைப்பெண்களின் சம்பளமும் மலைமேல் உள்ள சோளக்காட்டுச் சந்தையில் செலவாகும். மற்றவற்றில் பெரும்பங்கு வந்த வழியே இறங்கிப் போய்விடும். மண் வீட்டில் பணம் பிறக்கவுமில்லை, வெளியேறவுமில்லை என்பதை இங்கே நினைத்துப் பார்க்கத் தோன்றுகிறது.

அண்மைக் காலத்தில், முன்னே ஓடுகிற வகை வீடும் மலையில் தலைகாட்டத் தொடங்கியிருக்கிறது. ஆகாய கங்கை அருவிக்கும், ஆடி மாதத்து வல்வில் ஓரி விழாவுக்கும் வருகிற பிரயாணிகளை எதிர்பார்த்துச் செம்மேட்டுப் பக்கத்தில் விடுதிகளும் வாடகை அறைகளும் எழுகின்றன. இவை கழிந்த அறுவடையின் சின்னம் அல்ல. இனி வரப்போகிற விருந்தாளியின்மேல் வைத்த பந்தயம். கடன் வாங்கிக் கட்டியவரை வட்டி விகிதம் தொடும். கீழ்நாட்டில் மந்தம் வந்தால் ஞாயிற்றுக்கிழமைக் கார்கள் குறைவதும் உடனே அவருக்குத் தெரியும். கட்டுகிற முதலாளிகளில் மலையாளிகள் எத்தனை பேர், சமவெளிக்காரர் எத்தனை பேர் என்பது தனியாக எழுதவேண்டிய விவகாரம்.

கொல்லிமலைக் குடும்பத்தின் உண்மையான நிலையை அளக்க எனக்கு ஒரே ஒரு கணக்கைத் தெரிந்துகொள்ள அனுமதி கிடைத்தால், நான் புதுவீடுகளின் எண்ணிக்கையைக் கேட்கமாட்டேன். சர்க்கார் கொடுத்த 300 அல்லது 360 சதுர அடியோடு, குடும்பம் தன் கைப்பணத்தில் ஒட்டுச் சேர்த்த அறையைக் கேட்பேன். பின்புறம் இறக்கிய சமையற்கட்டு, மகனுக்குக் கல்யாணமானபோது எடுத்த அறை, மாட்டுக்குப் போட்ட தகரக்கொட்டகை, தளத்துக்குமேல் வருங்கால மாடிக்காக நீட்டிவிட்ட கம்பி. திட்டத்தின் அளவுக்கு மேற்பட்ட ஒவ்வொரு சதுர அடியும் அந்தக் குடும்பம் தானே தீர்மானித்துச் செய்த முதலீடு. அதில் டில்லியும் இல்லை, சென்னையும் இல்லை. அந்தக் கணக்குக்குப் புதிய ஆய்வு எதுவும் வேண்டியதில்லை. கூரையின் தரத்தையும் தரைப்பரப்பையும் கொண்டு வீட்டு வரி விதிக்கிற ஊராட்சிகளில் அதற்கொரு பதிவேடு வைத்திருக்கிறார்கள். பத்து வருஷத்துப் பழைய ஏட்டையும் இவ்வருஷத்து ஏட்டையும் அருகருகே வைத்துக் கூட்டிப் பார்க்க, ஒரு பள்ளிக்கூடத்து வாத்தியாருக்கு நான்கு சனிக்கிழமை போதும்.